வயிற்றுச் சூட்டில் பழுத்த கதலி

நீர்வேலியில் பிரகலாதனின் மனைவி மீனாம்பிகை மடியில் சாத்தி வைத்திருந்த கதலிக் குலை, அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்து கண்ணயர்ந்து எழும்புவதற்கிடையில் பழுத்துவிட்டது. அன்று காலையில் வெட்டிய குலை. காம்பில் பால்கூடக் காயவில்லை. வழக்கமாக அதைக் கிடங்கில் இறக்கி, தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை போட்டு, மண்ணால் மூடி, இரண்டு இராத்திரி விட்டால்தான் அந்த நிறம் வரும். அன்றைக்குச் சந்தையில் கதலி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. மழை வரும்போல் இருந்து வரவில்லை. பிரகலாதன் தோட்டம் தோட்டமாகக் குலை வாங்கிப் பழுக்கவைத்து வியாபாரிகளுக்குக் கொடுக்கிறவன். அவன் குலையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். மனைவியின் வயிற்றில் பட்ட பக்கம் நல்ல மஞ்சள், மற்றப் பக்கம் பச்சை. "இஞ்சரப்பா, மற்றப் பக்கத்தையும் ஒருக்காத் திருப்பிப் பிடி" என்றான். அவள் பிடித்தாள். அவன் தேத்தண்ணி குடித்து முடிய அந்தப் பக்கமும் பழுத்தது.

எரிவு அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. மீனாம்பிகை அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு வழி இருக்கவில்லை. வயிறு எரிகிறது என்று அவள் சொன்னால் வயித்தெரிச்சல் என்றுதான் கேட்கிறவர் காதில் விழும். வயித்தெரிச்சல் என்றால் ஆருடைய வாழ்வைப் பார்த்து என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு விடையாகக் கோப்பாயில் மாடிவீடு கட்டி, கீழே இரும்புக்கடையும் வைத்திருக்கிற அவளுடைய தங்கை கஜானியின் பெயர் தானாக வரும். ஆனபடியால் மருந்துக்கடையில் "வயித்துக்கை ஒரு சூடு" என்றாள். அவர்கள் சூட்டுக்கு உள்ளதைக் கொடுத்தார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். இளநீர் குடித்தாள், அது உள்ளே போய்க் கொதிக்கிற சத்தம் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

உண்மையில் மாடிவீட்டுக்கும் அந்த எரிவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவளுக்குச் சொல்லவில்லை. அதுதான் விசயம். யாழ்ப்பாணத்தில் சொல்லுதல் என்றால் எதைச் சொன்னார்கள் என்று கேட்கத் தேவையில்லை. கல்யாணமோ புதுவீடு குடிபூரலோ பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடோ வந்தால், வீட்டுக்காரர் புருசனும் பெண்சாதியுமாக நேரில் வந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து இருந்து, நாளையும் நேரத்தையும் வாயால் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அழைப்புக் காட் வந்தாலும் போன் வந்தாலும், வாய் வராவிட்டால் சொல்லவில்லை என்றுதான் கணக்கு. கஜானியின் மகள் ஆரபிக்கு ஆவணியில் சாமத்தியவீடு வைத்தார்கள். கஜானியும் புருசனும் மோட்டார் சைக்கிளில் மீனாம்பிகையின் ஒழுங்கைக்குள் வந்து இடப்பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வலப்பக்கத்து வீட்டில் சொன்னார்கள், முன்வீட்டில் வாடகைக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகாத ஆட்களுக்கும் சொன்னார்கள். மீனாம்பிகை கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டு வாசல் படலையைப் பார்த்தபடி நின்றாள். மோட்டார் சைக்கிள் படலையடியில் மெதுவானது. "அக்கா, பேந்து வாறன்!" என்று கஜானி பின்சீற்றில் இருந்து கையைக் காட்டினாள். பிறகு வருகிறேன் என்று சொன்ன அந்தப் பிறகு வரவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் குடும்பக் குறூப்பில், வைபருக்குள், ஆரபி ரோசாப்பூவுக்கு நடுவில் நிற்கிற காட் ஒன்று வந்தது. குடும்ப சமேதராய் வருக என்று அதில் இருந்தது. மீனாம்பிகையின் பெயர் இருக்கவில்லை.

சாமத்தியவீட்டன்று அவள் விடியவே முழுகி, ஊதாச் சேலை கட்டி, நகையும் போட்டு, முற்றத்தில் கதிரை போட்டு இருந்தாள்.

"வெளிக்கிட்டாச்செல்லோ, வாவன். உன்ரை தங்கச்சி வீடுதானே" என்றான் பிரகலாதன்.

"எனக்குச் சொல்லேல்லை."

"அப்ப நான் மட்டும் போட்டு வாறன்."

"போனா அங்கையே இருங்கோ. இஞ்சை சோறில்லை."

அவன் போகவில்லை. காற்று அந்தப் பக்கத்தால் அடித்தபடியால் கோப்பாயில் அடித்த மேளம் இரண்டு பேருக்கும் கேட்டது. மேளம் நின்ற நேரத்தில் அவள் தொப்புளுக்கு மேலே ஒரு தணல் விழுந்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு வீடும் கோவம். இங்கே கோவம் என்பது ஒருவருடைய குணம் அல்ல. மாமன், மச்சான் போல அதுவும் ஒரு முறை. அவை எங்களுக்குச் சொந்தம், இவை எங்களுக்குக் கோவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கோவமான வீட்டுக்காரர் பஸ்ஸில் ஏறினால் மற்றவர் யன்னலால் வயலைப் பார்ப்பார். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு எழுதி வைக்கப்படவில்லை.

குலை பழுத்ததற்குப் பிறகு பிரகலாதன் புகைக்கிடங்கை மூடினான். கொட்டிலுக்குள் குலைகளை வட்டமாகச் சாத்தி, நடுவில் மனைவிக்கு ஒரு கதிரை போட்டான். இரும்புக் கதிரை சுட்டபடியால் மரக்கதிரை. அவள் அதில் இருந்து வெங்காயம் உரித்தாள், போனில் நாடகம் பார்த்தாள், பின்னேரம் முடியக் குலைகளைத் தூக்கி லொறியில் அடுக்கினார்கள். பழத்தில் புகை மணம் இல்லை, தோலில் கரி இல்லை. கதலி கதலியாக மணத்தது. மார்கழிக் குளிருக்கு ஊர்ப் பூனைகளும் இரண்டு நாய்களும் அந்தக் கொட்டிலுக்குள் வந்து ஒன்றோடொன்று சண்டை பிடிக்காமல் படுத்தன. குலை தூக்குகிற ஆட்களுக்கும் அது நல்ல காலமாகத்தான் இருந்தது. கிடங்குக்குள் இறங்கிப் புகை குடிக்கத் தேவையில்லை, கண் எரியாது, குனிந்து நாரி முறியாது. கொடிகாமத்தில் இருந்து லூர்த்தம்மா என்ற வியாபாரி தன் சின்ன லொறியில் நாள்தோறும் வரத் தொடங்கினாள். அவள் அறுபது வயதுக்காரி. சந்தையின் ஒரு கரையில் நின்று அவள் கதைத்தால் மறுகரையில் விலை குறையும்.

பழம் இவ்வளவு கெதியில் பழுப்பதென்றால் ஏதோ மருந்து அடிக்கிறார்கள் என்று ஆரோ பெட்டிசம் போட, சுகாதாரப் பரிசோதகர் தேனுஜன் ஒரு நாள் வந்து இறங்கினார். "உங்கடை மருந்தை எங்கை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். பிரகலாதன், "அது குசினிக்கை நிண்டு தேத்தண்ணி ஊத்துது, சேர்" என்றான். மீனாம்பிகை ஒரு கையில் தேத்தண்ணியும் இடுப்பில் ஒரு இதரை வாழைக்குலையுமாக வந்தாள். அவள் வாசலில் இருந்து அவரிடம் வருவதற்குள் குலை இரண்டு நிறம் மாறியது. தேனுஜன் எழும்பி நின்றார், பிறகு இருந்தார், இரண்டு பழம் உரித்துத் தின்றார். சட்டத்தில் இரசாயனத்துக்குத்தான் தடை இருக்கிறது, குடும்பப் பிரச்சினைக்கு இல்லை என்று சொல்லி, ஒரு சீப்பும் வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் அடுப்பு எல்லா நாளும் ஒரே மாதிரி எரியவில்லை. கட்டாரில் வேலை செய்கிற மகன் யதுசன் வீடியோவில் கதைத்த நாளில் குலைகள் பாதிப் பச்சையோடு நின்றன. அவள் நாடகத்தில் பகிடிக் கட்டம் பார்த்துச் சிரித்தாலும் அப்படித்தான். லூர்த்தம்மா இதை வேகமாகப் பிடித்துக்கொண்டாள். அடுப்புக்கு விறகு தள்ளுவதுபோல, விடிய வரும்போதே கஜானி வீட்டுச் செய்தி ஒன்றைப் புதினமாகக் கொண்டுவந்தாள்.

"பிள்ளை, உன்ரை தங்கச்சி வீட்டிலை புதுச் சோபா இறக்கியிருக்காம்."

"இறக்கட்டும் லூர்த்தக்கா. இருக்கத்தானே சோபா."

குலைகளில் மாற்றம் இல்லை. "மேல்வீட்டுக்கு ஏசி பூட்டினமாம்" என்றாள் மறுநாள். அதற்கும் இல்லை. இன்னொரு நாள் யோசிக்காமல், "ஆரபியின்ரை பிறந்தநாளாம், பக்கத்து வீடுகள் முழுக்கச் சொன்னவையாம்" என்றாள். கொட்டிலில் இருந்த அத்தனை குலையும் கண் முன்னால் மஞ்சளாகி, மஞ்சள் கறுத்து, சில பழங்கள் காம்போடு கழன்று நிலத்தில் விழுந்தன. கறிக்கு வைத்திருந்த மொந்தனும் பழுத்துப்போனது. "உதென்ன விசர்க் கதை" என்று லூர்த்தம்மா விறைத்துப்போய் நின்றாள். "சோபாவுக்குக் கதலிகூடக் கனியேல்லை. சொன்னவை எண்ட உடனை மொந்தன் பழுக்குது!" பிறகு அவள் அந்த வார்த்தையை உப்புப்போல அளவாகப் பாவித்தாள்.

தை பிறந்தபோது மீனாம்பிகையின் சட்டைகள் அவள் உடம்பில் நிற்கவில்லை. சோறு இறங்கவில்லை, இறங்கினாலும் உள்ளே வறண்டு பொரியாகிவிட்டது என்றாள். நித்திரை இல்லை. பாய் கருகும் என்று சீமெந்து நிலத்தில் படுத்தாள். பிரகலாதன் பழத்தில் நல்ல விலை கண்டவன்தான், ஆனால் கெட்டவன் இல்லை. ஒரு நாள் விடிய, அவள் வளையல்கள் முழங்கைவரை ஏறிப்போவதைக் கண்டான். "பழம் கிடக்கட்டும், நீ எழும்பு" என்று சொல்லி ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே நிமலினி என்ற டொக்டர் இருந்தா. மூன்று தலைமுறையாக மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த வீட்டுப் பிள்ளை. வருத்தக்காரர் சொல்லி முடிக்கும்வரை பேனையை எடுக்கமாட்டா. இரத்தம் பார்த்தா, ஸ்கான் பார்த்தா, கடைசியில் கடதாசிகளை மூடினா.

"வயித்திலை புண் இருக்கிற மாதிரித் தெரியேல்லை. இரத்தத்திலையும் ஒண்டுமில்லை."

"அப்ப நான் பொய் சொல்லுறனே, டொக்டர்?"

"ஆர் சொன்னது? எரியிறது உண்மை. மனதிலை ஒண்டு அடைச்சுக்கொண்டு நிண்டா உடம்புதான் அதைக் கதைக்கும். சிலருக்குத் தலையிடி, சிலருக்கு நாரிப்பிடிப்பு, உங்களுக்கு வயிறு." டொக்டர் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து கேட்டா. "ஆரோடை கோவம்?"

"ஒருத்தரோடையும் இல்லை."

அதைச் சொன்ன கணமே, அவள் மடியில் இருந்த பிளாஸ்ரிக் பைல் உறை அப்பளம்போலச் சுருண்டது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, மேசைக் காற்றாடியை அவள் பக்கம் திருப்பினா. எதற்கும் வாய்வழியாக வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்ப்போம் என்று மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தா. "பொம்பிளையள் பக்கத்துக்கு இவரை விடமாட்டினம். அக்கா தங்கச்சி ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றா. மீனாம்பிகை தலையை ஆட்டினாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "தங்கச்சியாம்" என்று மட்டும் சொன்னாள்.

இதற்கிடையில் லூர்த்தம்மாவிடம் புதினம் முடிந்துபோனது. சொன்னதையே சொன்னால் குலை கனிவதில்லை. ஆனபடியால் புதுச்சரக்குத் தேடி அவள் நேரே கோப்பாய்க்குப் போய், பழம் விற்க வந்ததாகச் சாட்டுச் சொல்லி, கஜானியின் வீட்டுக்குள் புகுந்தாள். கஜானி விக்கிக்கொண்டு வந்து படலையைத் திறந்தாள். விக்கிக்கொண்டே பழத்தைப் பார்த்தாள். கதிரையில் இருந்த பிறகும் விக்கினாள். ஒவ்வொரு விக்கலுக்கும் சுவரில் தொங்கிய சாமத்தியவீட்டுப் படங்கள் ஒருமுறை ஆடி நின்றன. அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஆரபி தெளிவாக இருந்தாள். பக்கத்தில் நின்ற தாயின் முகம் மட்டும் விக்கலில் அசைந்து மங்கலாக இருந்தது.

"எப்ப பிள்ளை உது துவங்கினது?"

"சாமத்தியவீட்டண்டு. மேளம் நிப்பாட்டேக்கை."

"மருந்து எடுக்கேல்லையே?"

"இவர் வாங்கித் தாறார். நான் குரோட்டன் செடிக்கு ஊத்திறன்." கஜானி ஒருமுறை விக்கி, அது போகும்வரை பொறுத்தாள். "அக்கா நினைக்கிறா. ஆரும் நினைச்சாத்தானே விக்கும்? ஒவ்வொருக்கா விக்கேக்கையும் அக்கா என்னை நினைக்கிறா எண்டு அறியிறன். மருந்து குடிச்சு நிண்டுபோனா, அவ நினைக்கிறாவோ மறந்திட்டாவோ எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

லூர்த்தம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அக்காவிலை அவ்வளவு பட்சம் எண்டா, ஏனடி அவளுக்குச் சொல்லேல்லை?"

"அக்காவுக்கும் சொல்லுறதோ!" கஜானி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "பிறத்தியாருக்கெல்லோ சொல்லுறது. என்ரை கூடப்பிறந்தவவின்ரை வீட்டிலை போய்ச் செருப்பைக் கழட்டி இருந்து சொன்னா, நீயும் பிறத்தியாள்தான் எண்டு சொல்லுற மாதிரியெல்லோ? ஊருக்குச் சொல்லி முடிச்சுப்போட்டு அக்காவிட்டைத் தேத்தண்ணிக்குப் போவம் எண்டிருந்தனான், இருட்டிப்போச்சு. முதல் ஆராத்தித் தட்டை அவவுக்கெண்டு வைச்சுக்கொண்டு, நல்லநேரம் முடியுமட்டும் படலையையே பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு சொல்லுக்காக வராமல் விட்டவ அவ. நானோ கோவம்?"

கோப்பாயில் இருந்து நீர்வேலி தூரம் இல்லை. அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் லூர்த்தம்மா தன் வியாபாரம் முழுவதையும் யோசித்தாள். இந்தக் கதையைச் சொன்னால் அடுப்பு அணையும், பழையபடி புகைப் பழம்தான். சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளை எலும்பாகிச் சாகும். புதுத் திரைச்சீலையைப் பற்றி ஏதாவது சொல்வோம் என்று தீர்மானித்துத்தான் கொட்டிலுக்குள் நுழைந்தாள். வாயைத் திறந்ததும் விக்கல் கதைதான் வந்தது. ஆராத்தித் தட்டுவரை ஒன்றும் விடாமல் சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு நட்டம்தான்" என்று நிலத்தில் குந்தினாள்.

மீனாம்பிகை நம்பவில்லை. "அவளுக்குப் போன் எடுங்கோ லூர்த்தக்கா. எடுத்துச் சத்தமா விடுங்கோ. நான் ஒருக்கா அவளை நினைக்கிறன்" என்றாள். கண்ணை மூடி நினைத்தாள். போனுக்குள் விக்கல் கேட்டது. "சரி, இப்ப நினையாமல் இருக்கிறன்." குலைகளை நினைத்துப் பார்த்தாள், வெங்காய விலையை நினைத்துப் பார்த்தாள், கட்டாரை நினைத்தாள். ஒன்றும் சரிவரவில்லை, எல்லாம் சுற்றிக்கொண்டு தங்கையிடமே வந்து நின்றன. போனுக்குள் கஜானி மூச்சுவிட முடியாமல் அடுக்கடுக்காக விக்கி, "ஆர் கதைக்கிறது? பிறகு எடுங்கோ, அக்கா நினைக்கிறா" என்று வைத்துவிட்டாள். அன்று ஒரு குலையும் பழுக்கவில்லை. பூனைகள் எழும்பி வேறிடம் போயின.

ஆனாலும் ஆர் முதலில் போவது? இரண்டு பேரிலும் பிழை இல்லை. பிழை இருந்தால் ஒருவர் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம். சாமத்தியவீடு முடிந்துபோனது, இனி அதற்குச் சொல்லவும் ஏலாது. மீனாம்பிகை இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் முழுகி, அதே ஊதாச் சேலையை ஊசி குத்தி இறுக்கிக் கட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொன்னாள்.

"எங்கை?"

"கமராவுக்குச் சொல்லப் போறம்."

"ஆசுப்பத்திரிக்குப் போறதுக்கும் சொல்லுறதோ?" என்றான் பிரகலாதன்.

"வாங்கோ. புருசனும் பெண்சாதியுமாத்தான் போய்ச் சொல்லோணும்."

கோப்பாயில் அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே போய்ப் புதுச் சோபாவில் இருந்தார்கள். கஜானியும் புருசனும் முன்னால் நின்றார்கள். மீனாம்பிகை தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாற புதன்கிழமை காலமை எனக்கு வயித்துக்கை கமரா விடுகினம். நீங்கள் குடும்பமா வந்து நிண்டு நடத்தித் தரோணும்" என்றாள்.

கஜானியின் முகம் சிவந்தது. "என்னக்கா, எனக்கும் வந்து சொல்லுறியளோ? நீங்கள் சொல்லாட்டி நான் வராமல் விட்டிடுவனே?"

"நான் விட்டனான்தானேடி. அதுதான் சொல்லுறன்."

சோபாவின் றெக்சின் அவள் இருந்த இடத்தில் இளகத் தொடங்கியிருந்தது, அத்தோடு நின்றது. கஜானி கொஞ்ச நேரம் விக்காமல் நின்றாள். பிறகு வெளியே போய், படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கி, திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, தன்னுடைய வீட்டுக்குள்ளேயே விருந்தாளிபோல வந்து அக்காவுக்கு முன்னால் இருந்தாள். முன்னால் நின்ற புருசனையும் கையில் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள்.

"அக்கா, எங்கடை ஆரபிக்குச் சாமத்தியவீடு. போன ஆவணியிலை. கட்டாயம் வரோணும்."

"ஓம்" என்றாள் மீனாம்பிகை. "வாறம்."

சாமத்தியவீட்டு வீடியோவைப் போட்டார்கள். ஆரபி, அப்போது போட்ட சேலையைச் சட்டைக்கு மேலே சுற்றிக்கொண்டு வந்து நடுவில் நின்றாள். மீனாம்பிகை முதல் ஆராத்தியைச் சுற்றினாள். வீடியோவில் மேளம் நின்ற இடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டுக்கு முதல்நாள் மீன்குழம்புதான் இருந்தது. மீனாம்பிகை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை, ஒராளைக் கூட்டிக்கொண்டு வரச்சொன்ன இடத்துக்கு ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். லூர்த்தம்மா கொடிகாமத்தில் இருந்து சோற்றுப் பார்சலோடு வந்தாள். ஏன் இத்தனை பேர் என்று நேர்ஸ் கேட்க, "எங்களுக்குச் சொன்னவை" என்றார்கள். டொக்டர் நிமலினி கமராவை விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் இளநீர் வழுக்கைபோல இருக்கிறது என்றா. "இப்ப எரியுதோ?" "இல்லை டொக்டர், பசிக்குது." வெளி விறாந்தையில் கஜானி விக்குகிற சத்தம் கேட்டது. உவவுக்கும் ஏதாவது மருந்து எழுதட்டோ என்று டொக்டர் கேட்டா. "வேண்டாம், அது நான்" என்றாள் மீனாம்பிகை. டொக்டர் ஓம் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டா.

பிரகலாதன் கிடங்கைத் திறந்து பழையபடி புகை போடுகிறான். குலைத் தொழிலாளர் பழையபடி இருமுகிறார்கள். வியாபாரிகள் கொஞ்சக் காலம் முணுமுணுத்துவிட்டு, புகை மணத்தோடேயே வாங்குகிறார்கள். கோப்பாயில் விடியற்காலையில் கஜானி முதல்தரம் விக்கும்போது, நீர்வேலியில் தமக்கை எழும்பிவிட்டாள் என்று அந்த ஒழுங்கைக்காரருக்குத் தெரியும். அவர்களும் எழும்பி, தேத்தண்ணிக்குக் கேத்திலை வைக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ் இப்போது தவறுவதில்லை.